ஜேர்மானியக் கைத்துப்பாக்கிகளும் பழம்பொருளின் மெய்ந்நிலையும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்துப் பேணுதல் உலகெங்கும் கற்றோரிடையே வேரூன்றிய பழக்கமாகும். தபால் முத்திரை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் நன்கறிவோம். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த பெரியோரின் வரலாறும் நமக்குப் புதிதன்று. ஆயின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய படைக்கலங்களைச் சேர்ப்போர் பெருந்தொகையினராய் இருக்கின்றனர் என்பதும், அவருள்ளும் ஜேர்மானியப் படையினர் கையாண்ட கைத்துப்பாக்கிகளை மட்டுமே நாடுவோர் தனியொரு வகுப்பினராய் விளங்குகின்றனர் என்பதும் நம்மவர் பலருக்குப் புதுமையாய்த் தோன்றலாம்.

கிரானைச் சேர்ந்த ஒருவன் இப்பொருள் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் தழும்புகள் நமது வாவிக்கரை ஊர்களில் இன்னும் ஆறவில்லை. துப்பாக்கியின் கொடுமையைப் பிறர் சொல்லக் கேட்டறிய வேண்டிய நிலையில் எழுவான்கரையாரும் இல்லை, படுவான்கரையாரும் இல்லை. அக்கருவியைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைச் சேர்ப்போர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தில் வகுத்துக்கொண்ட ஒழுங்கொன்று உண்டு. அதனை ‘மெய்ந்நிலை பேணல்’ என்று கூறலாம். ஒரு பொருள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் தொட்டு எய்திய நிலை எதுவோ, அதனை அழிக்காமலும் அழகுபடுத்தாமலும் உள்ளவாறே காத்தல் என்பது அதன் பொருள். பழம்பொருள்கள் நாள்தோறும் அழிந்துவரும் நம் நாட்டார் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமொன்று அவ்வொழுங்கில் அடங்கியிருக்கின்றது. அதனை விளக்குவதே ஈண்டு நம் கருத்து.

அக்கருவிகள் எவை?

ஜேர்மானிய நாடுகள் பல 1871ஆம் ஆண்டில் ஒன்றுபட்டுப் பேரரசாகிய பின்னர், அதன் படைக்கு வழங்கப்பட்டது 1879ஆம் ஆண்டு மாதிரிச் சுழல்துப்பாக்கியாகும். ஆறு தோட்டாக்கள் கொள்ளும் உருளையை உடைய பாரமான கருவி அது. அதனிலும் குறுகிய குழலையுடைய வேறொரு மாதிரி 1883இல் வந்தது. ஒருமுறை சுட்டபின் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றின.

அவற்றுள் முதலில் உலகப் புகழ் பெற்றது மௌசர் கைத்துப்பாக்கி. நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ண்டோர்வ் என்னும் ஊரில் மௌசர் தொழிற்சாலை இருந்தது. அங்கே பணிபுரிந்த பெடர்லே சகோதரர்கள் அதனை ஆக்கினர். 1896ஆம் ஆண்டு மாதிரி என்று அது வழங்கும். அதன் கைப்பிடி துடைப்பத்தின் காம்புபோல் உருண்டிருக்கும். அதனை வைக்கும் மரப்பெட்டியையே கைப்பிடியின் பின்புறத்தில் மாட்டித் தோளில் அணைத்துச் சுடவும் இயலும். பின்னாளில் பிரித்தானியப் பிரதமராக விளங்கிய வின்ஸ்டன் சேர்ச்சில், 1898இல் சூடானிலே ஒம்டுர்மான் போரில் இளம் படையதிகாரியாய் நின்றபோது அவர் கையில் இருந்ததும் ஒரு மௌசர் கைத்துப்பாக்கியே.

இரண்டாவது, ஒஸ்திரியரான கேயோர்க் லூகர் என்பார் ஆக்கிய கைத்துப்பாக்கி. 1900இல் சுவிற்சர்லாந்துப் படையும், 1904இல் ஜேர்மானியக் கடற்படையும், 1908இல் ஜேர்மானியத் தரைப்படையும் இதனை ஏற்றுக்கொண்டன. தரைப்படையின் கருவிக்குக் குழல் 100 மில்லிமீற்றர் நீளம்; கடற்படையின் கருவிக்கு 150 மில்லிமீற்றர்; பீரங்கிப் படையினர்க்கு 1913இல் ஏற்பட்ட மாதிரிக்கு 200 மில்லிமீற்றர். மூன்றாவது, லூகருக்குப் பதிலாக 1938இல் ஏற்கப்பட்ட வால்தர் கைத்துப்பாக்கி. அது செய்தற்கு எளியதும் செலவு குறைந்ததுமாகும். படைக்கு லூகர் செய்வது 1942இல் நின்றது.

இம்மூன்றினுள்ளும் லூகரையே சேர்ப்போர் மிகுதியும் நாடுகின்றனர். அதன் வடிவழகு ஒரு காரணம். அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளும் இலக்கங்களும் அதனினும் பெரிய காரணம்.

இரும்பில் எழுதிய ஏடு

சேர்ப்போன் ஒருவன் லூகர் ஒன்றைக் கையிலெடுத்ததும் முதலில் நோக்குவது தொடரிலக்கத்தை. கருவியின் சட்டத்திலும் குழலிலும் முழு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். விசை, பூட்டு முதலிய சிற்றுறுப்புகளில் அவ்விலக்கத்தின் கடைசி இரு எண்கள் இருக்கும். உறுப்புகள் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்டமையால், ஒரு கருவியின் உறுப்பு மற்றொன்றில் செவ்வனே பொருந்தாது போகலாம். அதனைத் தடுக்கவே தொழிற்சாலையார் இவ்வாறு இலக்கமிட்டனர். இன்று அதே இலக்கங்கள் கருவியின் மெய்ம்மைக்குச் சான்றாகின்றன. எல்லா உறுப்பிலும் இலக்கம் ஒத்திருப்பின் அக்கருவி பிரிந்து கலவாதது என்று அறியலாம். ஒன்றேனும் மாறுபடின், எக்காலத்திலோ வேறொரு கருவியின் உறுப்பு இதிற் புகுந்தது என்பது தெளிவு. தோட்டாக்கூட்டிலும் அதே இலக்கம் இருத்தல் மிக அரிது. ஏனெனின் போர்க்களத்தில் முதலில் தொலைந்து போவது அதுவே.

அடுத்து நோக்கப்படுவன செய்தோர் பெயரும், ஆண்டும், பரிசோதகர் முத்திரைகளும். பேர்லின் நகரத்துத் தொழிற்சாலையின் கூட்டெழுத்து, எர்பூர்ட் நகரத்து அரசாங்க ஆயுதசாலையின் முடி முத்திரை எனப் பல அடையாளங்கள் உள. பரிசோதகர் ஒவ்வொருவரும் தாம் பார்த்து ஏற்ற உறுப்பில் தமக்குரிய சிறு முத்திரையைப் பதித்தனர். கைப்பிடியின் முன்புறத்தில் படைப்பிரிவின் அடையாளமும், அப்பிரிவில் அக்கருவிக்குரிய எண்ணும் சிலவேளை காணப்படும். எந்தப் பிரிவினர் கையில் அது இருந்தது என்பதை நூறாண்டு கழிந்த பின்னரும் அச்சிறு வரி சொல்லிவிடும்.

நாட்டின் வரலாறும் இவ்விரும்பில் எழுதப்பட்டிருக்கின்றது. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியின் படை, 1919ஆம் ஆண்டு வேர்சாய் உடன்படிக்கையால் ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய படைக்கலங்கள் அரசுக்கு உரியவை என்று காட்ட 1920 என்னும் எண் அவற்றிற் பொறிக்கப்பட்டது. ஆகவே 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகளைத் தாங்கிய கருவியைக் கண்டால், அது பழுதுபட்டதென்றோ பொய்யானதென்றோ கொள்ளலாகாது; தோல்வியின் முத்திரையை அது தாங்கி நிற்கின்றது. பின்னர் இட்லர் ஆட்சியில் உடன்படிக்கையை மீறி மறைவாகப் படைக்கலம் பெருக்கியபோது, மௌசர் தொழிற்சாலையின் பெயரை நீக்கி எஸ்/42 என்னும் மறைகுறியை இட்டனர். 1934 என்னும் ஆண்டிற்குக் ‘கே’ என்ற எழுத்தும் 1935இற்கு ‘ஜி’ என்ற எழுத்தும் வந்தன. மறைப்பதற்காக இட்ட குறியே, மறைத்தனர் என்பதற்கு இன்று சான்றாயிற்று.

சுகல் நகரத்துச் சிம்சன் தொழிற்சாலையின் பெயர் தாங்கிய லூகர்கள் இன்னும் துயரமான வரலாற்றைக் கூறுவன. 1920களின் நடுப்பகுதியிலிருந்து ஜேர்மானியப் படைக்குக் கருவி வழங்கிய அத்தொழிற்சாலை யூதக் குடும்பம் ஒன்றுக்கு உரியது. இட்லர் ஆட்சியினர் அதனைப் பறித்துக்கொண்டனர். 1936இல் உரிமையாளர் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. தம்மை நாடு கடத்திய அரசின் படைக்குக் கருவி செய்துகொடுத்தோர் அவரே என்பதை அச்சிறு பெயர்ப்பொறிப்பு இன்றும் சொல்கின்றது. அதனைத் தேய்த்தழித்து வேறு பெயர் பொறிப்பவன் பொய்யன் மட்டுமல்லன். அழிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் நினைவை இரண்டாம் முறையும் அழிப்பவனாவான்.

நிறமும் சான்றே

எழுத்தைப் போலவே நிறமும் பேசும். பழைய உருக்குக் கருவிகளின் கருநீல மேனி சாயம் பூசியதன்று. உருக்கின்மேல் அளவாகத் துருப்பிடிக்கச் செய்து, கொதிநீரிலிட்டுக் கறுக்க வைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து பெற்ற நிறம் அது. கெடுக்கும் துருவையே காக்கும் போர்வையாக மாற்றும் நுட்பம் என்க. லூகரின் விசை முதலிய சிற்றுறுப்புகள் சிலவற்றிலே வைக்கோல் நிறத்தைக் காணலாம். உருக்கை ஏறக்குறைய 220 பாகை சென்டிகிறேட் முதல் 240 பாகை வரை சூடேற்றும்போது அதன் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய படலமே அந்நிறத்தைத் தருகின்றது. சூடு 300 பாகையை நெருங்கின் நிறம் நீலமாகும். மௌசர் தொழிற்சாலையில் 1930களின் பிற்பகுதியில் உப்புக் கரைசலிலிட்டு நிறமேற்றும் விரைவான முறை வந்தபின், அச்சிற்றுறுப்புகளும் ஒரே கருநீலமாயின. எனவே 1912ஆம் ஆண்டுக் கருவியொன்றின் விசை கருநீலமாய்ப் பளபளப்பின், பிற்காலத்தில் எவரோ நிறமேற்றியிருக்கின்றனர் என்று அறிந்தோர் ஐயுறுவர்.

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மானியப் படைக்கென ஒன்றரை இலட்சம் மௌசர் கைத்துப்பாக்கிகள் 9 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு ஏற்பச் செய்ய ஆணையிடப்பட்டது. பழைய மௌசருக்குரிய தோட்டா 7.63 மில்லிமீற்றர் ஆதலால், வீரர் மயங்கி மாற்றி இடாதிருக்கும் பொருட்டு மரக் கைப்பிடியில் 9 என்னும் எண்ணைப் பெரிதாய்ச் செதுக்கிச் செந்நிறம் தீட்டினர். அந்தச் செந்நிறம் மங்கியும் உரிந்தும் இருப்பதே இயல்பு. அது புதுமெருகுடன் ஒளிர்ந்தால் விலை குறையும் என்பது சேர்ப்போரிடை வழங்கும் முறை.

இங்கேதான் நம் மனப்போக்குக்கு மாறான உண்மையொன்று தோன்றுகின்றது. பழுப்பேறித் தேய்ந்து, விளிம்பில் வெள்ளை உருக்குத் தெரியும் கருவி, மெருகிட்டுப் புதிதாக்கிய கருவியைவிடப் பன்மடங்கு மதிப்புடையது. மெருகிடும்போது விளிம்புகள் மழுங்குகின்றன. முத்திரைகள் ஆழம் இழக்கின்றன. எழுத்தின் ஓரங்கள் கரைகின்றன. ஒருமுறை தேய்த்த உருக்கை மீண்டும் வளர்க்க எவராலும் இயலாது. நம் வீடுகளில் செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குவது நற்பழக்கம். ஆனால் அதே புளியை ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு ஒன்றின்மேல் இட்டுத் தேய்ப்பின், இருநூறு ஆண்டுகளாய் ஏறிய நிறம் ஒரு நாழிகையில் போய்விடும். கம்பனியின் கூட்டெழுத்தும் ஆண்டும் அதனோடு போகலாம். காசு பளபளக்கும், அதன் பேச்சு நின்றுவிடும்.

மதிப்பு மிகுந்தவிடத்தில் வஞ்சகமும் மிகும். இலக்கம் மாறுபட்ட உறுப்பைத் தேய்த்துப் புது இலக்கம் பொறிப்போர் உளர். அரிய முத்திரைகளைப் போலியாய்ப் பதிப்போரும் உளர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க வீரர் பலர் இக்கருவிகளை நினைவுப் பொருளாய்த் தாய்நாடு கொண்டு சென்றனர். அவ்வாறு கொண்டு செல்வதற்கு மேலதிகாரி ஒப்பமிட்ட சான்றுச்சீட்டு அவர்க்குத் தேவைப்பட்டது. அச்சீட்டு இன்று கருவியோடு சேர்ந்திருப்பின் மதிப்பு உயர்கின்றது. அதனாலேயே போலிச் சீட்டுகளும் தோன்றின. விற்பவன் சொல்லும் கதையை விலைக்கு வாங்காதே, பொருளைப் பார்த்து வாங்கு என்பது சேர்ப்போரிடை வழங்கும் அறிவுரை.

கல்கத்தாவில் ஐம்பது மௌசர்கள்

இலக்கத்தின் வலிமையை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று நம் அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்தது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் நாள், கல்கத்தாவில் படைக்கல வணிகம் செய்த றொடா கம்பெனிக்குக் கப்பலில் வந்திறங்கிய பெட்டிகள் 202. சுங்கத்திலிருந்து அவற்றை மீட்டுவரச் சென்றவர் அக்கம்பெனியிலேயே பணிபுரிந்த சிரீசசந்திர மித்திரர். பண்டகசாலைக்கு வந்து சேர்ந்தவை 192 பெட்டிகளே. எஞ்சிய பத்துப் பெட்டிகளிலும் இருந்தவை 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். அவை வங்காளப் புரட்சியாளர் கைக்குச் சென்றன. சிரீசசந்திரரும் மறைந்து போனார்.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்த அரசாங்கக் குழு, நீதிபதி றௌலட் என்பாரின் தலைமையில் 1918இல் அறிக்கை வெளியிட்டது. கைத்துப்பாக்கிகளுள் 44 உடனடியாக ஒன்பது குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன என்றும், பின்னர் நிகழ்ந்த 54 கொள்ளை, கொலை, அவற்றுக்கான முயற்சிகளில் அவை பயன்பட்டன என்றும், 31 கருவிகள் மீட்கப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. கருவியை வைக்கும் பெட்டியைக் கைப்பிடியிற் பொருத்தித் தோளில் வைத்துச் சுடலாம் என்பதையும் அது குறிப்பிடத் தவறவில்லை. மீட்கப்பட்டவை றொடா கம்பெனியின் கருவிகளே என்று எங்ஙனம் அறிந்தனர்? ஒவ்வொன்றின் தொடரிலக்கமும் கம்பெனியின் பதிவேட்டில் இருந்தது. ஓபர்ண்டோர்வில் ஒரு தொழிலாளி உளியால் பொறித்த சில எண்கள், கல்கத்தாவின் சந்தொன்றில் கண்டெடுத்த கருவியின் வரலாற்றை வெளிப்படுத்தின.

வங்காளத்தின் வீரரெனப் போற்றப்படும் யதீந்திரநாத முகர்ஜி, 1915ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் ஒரிசாவின் பாலசோர் அருகே நான்கு தோழருடன் பொலிசாரை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையிலிருந்தவையும் மௌசர் கைத்துப்பாக்கிகளே. சித்தப்பிரியர் என்னும் தோழர் களத்திலேயே வீழ்ந்தார்; யதீந்திரர் மறுநாள் வைத்தியசாலையில் உயிர் நீத்தார். ஒருவர்க்கு விடுதலையின் கருவி. மற்றொருவர்க்குக் கொலைக் குற்றத்தின் தடயம். இரு திறத்தாரும் ஒப்புக்கொள்ளத்தக்கது அதன்மேல் உள்ள இலக்கம் ஒன்றே. மனிதர் கூறும் கதைகள் வேறுபடலாம். கைபடாத பொருள் ஒரே சாட்சியத்தையே கூறும்.

கண்டிப் பீரங்கி திரும்பிய வரலாறு

நமது இலங்கையிலும் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி அண்மையில் நடந்தேறியது. கண்டி மன்னன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்கு லெவ்கே திசாவை என்னும் பிரதானி சிறு பீரங்கியொன்றைக் காணிக்கையாக்கினார். கண்டியில் ஆண்ட நாயக்கர் மரபின் முதல் மன்னன் இவனே. மதுரையோடு உறவு பூண்ட குலத்தினன். வெண்கலத்தாலான அப்பீரங்கியில் வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் இழைக்கப்பட்டிருந்தன. அதன்மேல் சிங்கள எழுத்தும், ஞாயிறு, திங்கள், சிங்கம் ஆகிய அரச சின்னங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையெடுத்துக் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அது ஒல்லாந்துக்குச் சென்றது. அங்கே அம்ஸ்ரடாம் நகரத்து அரச நூதனசாலையில் நெடுங்காலம் காட்சிக்கு இருந்தது.

ஒல்லாந்த ஆராய்ச்சியாளரும் இலங்கை ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அப்பொருள் வந்த வழியைத் துருவி ஆராய்ந்தனர். கொள்ளையிற் பெற்றது என்பது உறுதிப்படவே, 2023ஆம் ஆண்டில் ஒல்லாந்த அரசு அதனையும், வாள்கள், கத்தி, பெருந்துப்பாக்கிகள் ஆகிய வேறு ஐந்து பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பியளிக்க இசைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பு நூதனசாலையை வந்தடைந்தன.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய நாட்டில் இருந்த ஒரு பொருள், தன் தாய்நாட்டை எவ்வாறு நிறுவிக்கொண்டது? அதன்மேல் இருந்த எழுத்தையும் சின்னத்தையும் எவரும் தேய்த்தழிக்கவில்லை. அதனைப் பற்றிய பதிவுகளும் அழியவில்லை. கொள்ளையிட்டவரின் நாட்டிலேயே மெய்ந்நிலையில் பேணப்பட்டமையால், கொள்ளையென்று காட்டவும் அதுவே துணை நின்றது. எவரேனும் அழகுக்காக அதனை உருக்கி வார்த்திருப்பின் அல்லது எழுத்தை மழுக்கியிருப்பின், இன்று நாம் கேட்பதற்கும் அவர்கள் கொடுப்பதற்கும் ஒன்றும் இராது.

நம்மிடையே உள்ளவை

மட்டக்களப்பிலும் இத்தகைய சாட்சிகள் உள. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய கோட்டையை ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை அதுவே. 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. கோட்டையின் பழைய பீரங்கிகளை நம்மிற் பலர் சிறுபராயத்தில் தொட்டுப் பார்த்திருப்போம். ஒல்லாந்தக் கம்பனி செய்வித்த பீரங்கிகளில் கம்பனியின் கூட்டெழுத்தும், அதன்மேல் எந்த நகரத்து மன்றத்துக்கு உரியது என்பதைக் காட்டும் முதலெழுத்தும் பொறிப்பது வழக்கம், எடையையும் பொறிப்பர். உப்புக்காற்றும் மழையும் படும் இரும்பிலே இத்தகைய எழுத்துகள் அழியும் முன் படமெடுத்துப் பதிந்து வைப்பது, பீரங்கிக்குக் கறுப்புச் சாயம் பூசுவதைவிடப் பயனுடையது.

கடலினுள்ளும் ஒரு சாட்சி உண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்களின் குண்டுகளால் அமிழ்ந்தது. முந்நூறு பேர்க்கு மேல் மாண்டனர். அக்கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கின்றது. அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து வருவோன் நினைவுப்பொருள் ஒன்றைப் பெறலாம். ஆனால் அத்துண்டு கிடந்த இடத்தோடு சேர்ந்திருந்தபோது சொன்ன செய்தியை இழப்பான். அது பலரின் கல்லறையும் ஆகும் என்பதை மறத்தல் ஆகாது.

சட்டமும் இதனோடு இயைந்தது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. நிலத்தில் அத்தகைய பொருளைக் கண்டெடுப்போர் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். துப்பாக்கிகளைப் பொறுத்தமட்டில், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல் குற்றமாகும். அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட கருவி பழம்பொருள் எனப்படுகின்றது. பிரித்தானியாவில் 1996இல் பாடசாலையொன்றில் நிகழ்ந்த படுகொலையின் பின், 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. வரலாற்றுச் சிறப்புடைய பழங்கருவிகளுக்கு மட்டும் கடுங்கட்டுப்பாடுகளுடன் இடமளிக்கப்பட்டது. நாட்டுக்கு நாடு விதி வேறுபடினும், பழையது என்பதனால் கொல்லும் ஆற்றலை இழந்துவிடாது என்னும் உண்மை யாண்டும் ஒன்றே.

எனவே நம்மூரில் வயலுழும்போதோ கிணறு தோண்டும்போதோ போர்க்கால இரும்பு எதுவும் தென்படின், அதனைக் கையாற் தொடாது, கிடந்த இடத்திலேயே விட்டுப் பொலிசாருக்கு அறிவித்தலே அறிவுடைமை. பழைய இரும்பென்று விற்க எண்ணி எடுத்தோர் உயிரையும் உறுப்பையும் இழந்த துயரம் போர் நடந்த நாடுகள் அனைத்திலும் உண்டு. பிள்ளைகளுக்கு இதனை மீண்டும் மீண்டும் சொல்லி வைத்தல் பெரியோர் கடன்.

வீட்டில் பேணத்தக்கன

துப்பாக்கி நமக்கு வேண்டா. ஆனால் அதனைச் சேர்ப்போர் கையாளும் முறைகள் நம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழம்பொருள்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பாட்டனார் விட்டுச் சென்ற செப்புக்காசு, உறுதிச்சாசனம், பாக்குவெட்டி, எழுத்தாணி, கோயில் மணி முதலியவற்றை நினைவிற் கொள்க.

முதலாவது, தேய்க்கலாகாது. மென்மையான உலர்ந்த துணியால் தூசு துடைத்தல் போதும். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் மெருகுப்பசை எதுவும் வேண்டா.

இரண்டாவது, வெறுங்கையால் அடிக்கடி தொடலாகாது. வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். நூதனசாலையார் பருத்திக் கையுறை அணிவதன் காரணம் இதுவே. இரும்புப் பொருளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஓரளவு காப்பாகும்.

மூன்றாவது, தோலுறைக்குள் உலோகத்தை நெடுநாள் வைக்கலாகாது. துப்பாக்கி சேர்ப்போர் கருவியை ஓரிடத்திலும் அதன் தோலுறையை வேறிடத்திலும் வைப்பர். பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் அது உறிஞ்சிய ஈரமும் உருக்கில் துருவை ஏற்றும். நமது வாவிக்கரையில் மாரிகாலத்து ஈரமும் கடலின் உப்புக்காற்றும் சேர்ந்து இதனை இன்னும் விரைவுபடுத்தும். கச்சான் காற்று வீசும் உலர்ந்த நாள்களில் பெட்டகத்தைத் திறந்து காற்றாட விடுதல் நன்று.

நான்காவது, எழுதி வைத்தல் வேண்டும். இப்பொருள் யாருடையது, எவ்வாறு வந்தது, எப்போது எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதைத் தாளில் எழுதி நாளிட்டு ஒப்பமிட்டுப் பொருளுடன் வைப்பின், றொடா கம்பெனியின் பதிவேடு செய்த பணியை அத்தாள் செய்யும். பொருளின்மேல் எதனையும் எழுதவோ கீறவோ ஒட்டவோ கூடாது.

ஐந்தாவது, குறையை மறைக்கலாகாது. விரிசல் இருப்பின் இருக்கட்டும். உடைந்த பகுதி இருப்பின் அதனையும் உடன் வைத்திருப்போம். செம்மைப்படுத்த வேண்டின், செய்ததை மீளக் கழற்றத்தக்க முறையில் அறிந்தோரைக் கொண்டு செய்வித்து, என்ன செய்யப்பட்டது என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும்.

முடிவுரை

1978ஆம் ஆண்டின் சூறாவளியும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், இடையே நிகழ்ந்த போரும் மட்டக்களப்பு மக்களின் வீடுகளையும் கோயில்களையும் பாடசாலைகளையும் உலைத்துச் சென்றன. ஏடுகளும் படங்களும் பதிவேடுகளும் மிகுதியாய் அழிந்தன. எஞ்சியவை சிலவே. அச்சிலவும் நம் கையாலேயே மெருகேறி உருமாறிப் போகுமாயின், பின்வரும் தலைமுறையினர் நம்மைப் பற்றி அறிதற்கு ஆதாரம் இராது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை ஒப்பவோ மறுக்கவோ அவர்களுக்கு இயலாது போகும்.

விழாக்காலத்தில் கல்லூரிகள் தம் சுவர்களுக்கு வெண்மை பூசுதலும், பழைய மேசைகளுக்கு மெருகிடுதலும் வழக்கம். அவ்வேளை அலுவலக அலுமாரியின் அடியிற் கிடக்கும் பழைய வரவுப்பதிவேடு, கறையான் அரித்த முதலாண்டு மலர், பெயர் மங்கிய விளையாட்டுக் கேடயம் ஆகியவற்றைக் குப்பையென எறியாது ஒரு பெட்டியிலிட்டு, அதன் விவரத்தை எழுதி வைப்பது பழைய மாணவர் செய்யத்தக்க சிறு தொண்டாகும். பணச்செலவு அதிகமில்லை, பொறுமையே தேவை. கொல்லும் பொருட்டுச் செய்த கருவியையும் அதன் உண்மையின் பொருட்டுக் கீறல் படாது காக்கும் மனிதர் உலகில் உளர் எனின், கற்பிக்கும் பொருட்டு எழுந்த இடங்களின் நினைவுகளை நாம் அதனினும் அன்பாய்க் காத்தல் வேண்டுமன்றோ?